கரியா, கேஸா, இரும்புச் சட்டியா: வீட்டில் ஸ்டேக் வாட்ட எது தோது?

வாட்டிச் சாப்பிடும் மாட்டிறைச்சித் துண்டான ஸ்டேக் பற்றிப் பேச்செடுத்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். கரித்தணலில் வாட்டாதது ஸ்டேக்கே இல்லை என்பது ஒன்று. கனமான இரும்புச் சட்டி இருக்கும்போது வெளியே போய் எதற்குப் புகை குடிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இடையில் கேஸ் கிரில்காரர்கள், ஓவன்காரர்கள், இறைச்சியைப் பையில் அடைத்து வெந்நீரில் மிதக்கவிடும் சூ வீட்காரர்கள் என்று உதிரிக் கட்சிகளும் உண்டு. கையில் இருக்கும் துண்டு எத்தனை செ.மீ. கனம், எந்தப் பகுதி இறைச்சி என்று கேட்காமலே இத்தனை பேரும் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் என் புகார். அதைக் கேட்டுவிட்டால் பாதி வழக்கு தானாகவே தீர்ந்துவிடும்.

எந்த முறையானாலும் செய்ய வேண்டிய வேலை இரண்டுதான். வெளிப்புறம் நன்றாகச் சிவந்து முறுக வேண்டும். நடுப்பகுதி ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடிப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருவதை 1912இல் லூயி காமில் மயார் விவரித்தார். அந்த மயார் வினை மளமளவென்று நடக்க மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். நடுப்பகுதிக்கோ, உள்ளே இளஞ்சிவப்பாக நிற்கும் மீடியம் ரேர் பதம் என்றால் 54 முதல் 57 டிகிரியே போதும். 66ஐத் தாண்டினால் ஆக்டின் என்ற தசைப் புரதம் குலையத் தொடங்கும். நார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். ஆக, வெளியே கொளுத்துகிற சூடு, உள்ளே இளஞ்சூடு. ஒவ்வொரு முறையும் இந்த இழுபறியை எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்துத்தான் அதற்கு மதிப்பெண் போட வேண்டும்.

முறுகலுக்கு முதல் எதிரி ஈரம். மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியிலேயே நிற்கும்; வரும் சூடெல்லாம் ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அதனால் எந்தக் கட்சியானாலும் துண்டைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். துண்டைச் சட்டியில் போடுவதற்குச் சற்று முன்பு உப்பைத் தூவலாம். இல்லையென்றால் குறைந்தது 40 நிமிடமாவது முன்னால் தூவ வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் உப்பு இழுத்த நீர் மேலேயே தேங்கி நிற்கும். முந்தின இரவே உப்புத் தடவி, கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் விட்டால் அந்த நீர் திரும்ப உள்ளே போய், மேற்பரப்பும் உலர்ந்திருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் இங்கேயே கழித்துவிடலாம். முதலில் கடுஞ்சூட்டில் முறுக்கினால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டில் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற வேதியியலாளரால் பரவியது. முறுகிய பிறகும் சட்டி சுர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறதே, அது என்ன? சாறு வெளியேறும் சத்தம்தான். முறுகல் சுவைக்காக. அது எதையும் பூட்டுவதில்லை.

கரியும் கேஸும்

கரியின் பலம் அதன் கதிர்வீச்சுச் சூடு. சாம்பல் பூத்துச் செக்கச்செவேலென்று கனலும் கங்கு, காற்றின் துணையில்லாமலே துண்டின் அடிப்பக்கத்தைச் சுட்டுவிடும். பலரும் நினைப்பதுபோல 'கரி மணம்' கரியிலிருந்து வருவதில்லை. மரத்தின் மணப் பொருள்கள் பெரும்பாலும் கரியாகும்போதே எரிந்து போய்விடுகின்றன. கொழுப்பும் சாறும் கங்கின்மேல் சொட்டிப் புகையாகி எழுந்து துண்டில் படிகிறதே, அந்தப் புகைக்குத்தான் இத்தனை ரசிகர்கள். அப்படியானால் கேஸ் கிரிலிலும் அது கிடைக்க வேண்டுமே என்றால், கிடைக்கத்தான் செய்கிறது. பர்னருக்கு மேலே இருக்கும் உலோகப் பட்டைகளில் கொழுப்பு விழுந்து புகைகிறது. மணத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் கரிக் கட்சி சொல்வதைவிடக் குறைவு.

கேஸ் பின்தங்குவது சூட்டில். வீட்டு உபயோகத்துக்கு வரும் பல கேஸ் கிரில்கள் கங்கின் கதிர்வீச்சுக்கு ஈடுகொடுப்பதில்லை. போதாததற்கு, புரொப்பேன் எரியும்போது ஒரு மூலக்கூறுக்கு நான்கு நீர் மூலக்கூறுகள் உண்டாகின்றன. துண்டைச் சுற்றியிருக்கும் காற்று ஈரமாகிறது. கரியில் பெரும்பகுதி கார்பன் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. கேஸ் வைத்திருப்பவர்கள் மூடியை மூடிக் குறைந்தது 15 நிமிடம் முழுத் தீயில் காயவிட வேண்டும். கம்பி காயாமல் துண்டை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், நிறமும் ஏறாது. ஆனால் வேலை முடிந்து வந்த மாலையில் பசியோடு இருக்கும்போது, குமிழைத் திருகினால் தீ வரும் என்பது சாதாரண வசதி அல்ல. கரி கனிய அரை மணி நேரம் ஆகும். அந்தக் காத்திருப்பையே விருந்தின் பகுதியாக ரசிப்பவர்களுக்குக் கரி. மற்றவர்கள் கேஸ் வாங்கியதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கரியில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே வித்தை, கங்கை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விடுவது. கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்பும். அந்தத் தீநாக்கில் வாட்டினால் கரிப்பிசுக்குப் படிந்து கசக்கும். உடம்புக்கும் ஆகாது. காலிப் பக்கம் இருந்தால் துண்டை அங்கே நகர்த்திவிடலாம். மூடியைப் போட்டால் காற்றில்லாமல் தீயும் அடங்கும். ஷிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் 1952இல், மிதவை செய்யும் உலோக அரைக்கோளத்தைக் கொண்டு மூடி போட்ட வெபர் கிரிலை உருவாக்கியதும் தீயைத் தன் கட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான். மரக்கரிக் கட்டிகள் சீக்கிரம் பற்றிக் கடுமையாக எரியும். அச்சில் அழுத்திய பிரிக்கெட் நிதானமாக, சீராக எரியும். மெல்லிய துண்டுக்கு முன்னது, கனத்ததற்குப் பின்னது என்பது என் வழக்கம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை: கரியை வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்பதெல்லாம் பாதுகாப்பாகாது.

இரும்புச் சட்டியின் வழக்கு

மூன்று செ.மீ.க்கு உட்பட்ட துண்டு என்றால் என் ஓட்டு வார்ப்பிரும்புச் சட்டிக்கே. காரணம் எளிது. கிரில் கம்பி தொடும் இடம் கோடுகள் மட்டும். சட்டி முழுப் பரப்பையும் தொடுகிறது, முழுப் பரப்பும் முறுகுகிறது. விளம்பரப் படங்களில் பளிச்சென்று தெரியும் குறுக்குக் கோடுகள் உண்மையில் வேலை பாதியில் நின்றதற்கு அடையாளம்; கோடுகளுக்கு நடுவே இருக்கும் சாம்பல் நிறம் சுவையற்றது. வரிவரியாக மேடு வைத்த கிரில் பேன் என்று ஒன்று விற்கிறார்கள். சட்டியின் தொடுபரப்பும் இல்லை, தணலின் புகையும் இல்லை. பள்ளத்தில் தேங்கும் கொழுப்பைச் சுரண்டிக் கழுவுவது மட்டும் மிச்சம். இந்தப் பட்டியலில் அதற்குக் கடைசி இடம், அதுவும் பெரிய மனது வைத்துத்தான்.

வார்ப்பிரும்பு நல்ல வெப்பக் கடத்தி என்பது தவறான புகழ். அலுமினியம் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வார்ப்பிரும்பின் பலம் எடை. கனமாக இருப்பதால் நிறையச் சூட்டைத் தேக்கி வைத்து, குளிர்ந்த இறைச்சி விழும்போது சட்டென்று ஆறிப்போகாமல் தாங்கும். மெதுவாகக் கடத்துவதால் தீ படும் இடம் மட்டும் கொதித்து ஓரம் பச்சையாக இருக்கும். ஆகவே நடுத்தரத் தீயில் 7, 8 நிமிடம் பொறுமையாகக் காயவிட வேண்டும். கார்பன் ஸ்டீல் சட்டியும் கனமான அடி வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இதற்குச் சமமாகவே நிற்கும். நான்ஸ்டிக் வேண்டாம். அதன் டெஃப்லான் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். காயவிட்ட வெறும் சட்டி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

சட்டியின் பலவீனம் புகை. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் போல 230 டிகிரி வரை தாங்கும் எண்ணெயைத் துண்டின்மேல் மெலிதாகத் தடவினால் போதும். வெண்ணெயைத் தொடக்கத்திலேயே போட்டால் அதிலுள்ள பால் திடப்பொருள் கருகிவிடும். கடைசி இரண்டு நிமிடத்தில் தீயைக் குறைத்து, வெண்ணெயோடு தட்டிய பூண்டும் போட்டு, சட்டியைச் சாய்த்துக் கரண்டியால் மேலே மொண்டு ஊற்றுங்கள். கரித்தணலால் இந்த ஒன்றை மட்டும் செய்யவே முடியாது. புகைபோக்கி விசிறி இல்லாத சமையலறையில் இந்த முறையைத் தொடங்கும் முன் புகை அலாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தடவைதான் திருப்ப வேண்டும் என்ற விதிக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அரை நிமிடம், முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் இரண்டு பக்கமும் மாறிமாறிச் சற்று ஆறுவதால், விளிம்பில் சாம்பல் நிறப் பட்டை மெலிதாகிறது. வேகவும் நேரம் குறைகிறது. சட்டியிலும் தணலிலும் இது ஒன்றுதான். கிரில் கோடு வேண்டும் என்பவர்கள் வேண்டுமானால் தொடாமல் காத்திருக்கட்டும்.

கனத்த துண்டுக்கு

நான்கு செ.மீ.யைத் தாண்டினால் மேலே சொன்ன கதை மாறும். முறுகல் வந்து கருகத் தொடங்கும்போதும் நடு பச்சையாகவே இருக்கும். இங்கேதான் இரண்டு வேலைகளையும் தனித்தனியாகச் செய்யும் முறைகள் வருகின்றன. ரிவர்ஸ் சியர் என்பதில், 110 முதல் 120 டிகிரி ஓவனில் கம்பித் தட்டின்மேல் வைத்து, நடுப்பகுதி 46 முதல் 48 டிகிரி வந்ததும் எடுத்து, கொதிக்கும் சட்டியிலோ தணலிலோ பக்கத்துக்கு ஒரு நிமிடம் முறுக்குகிறோம். சூ வீட் என்பதில் துண்டைப் பையில் காற்றில்லாமல் அடைத்து 54, 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் போல விட்டுப் பிறகு முறுக்குகிறோம். நடுப்பகுதியின் சீரான பதம் என்று பார்த்தால் சூ வீட் ஒரு படி மேல். விருந்தினர் தாமதித்தாலும் பதம் கெடாது. ஆனால் பையிலிருந்து வருவது நனைந்த, வெளுத்த துண்டு. எவ்வளவு துடைத்தாலும் ஈரம் விடாது, அதை முறுக்க நேரம் எடுத்தால் சேர்த்து வைத்த பதம் போய்விடும். ஓவனில் காய்ந்து வந்த துண்டோ சட்டியைத் தொட்ட நொடியே நிறம் பிடிக்கும். கருவிச் செலவும் இல்லை. ஆகவே எனக்கு ரிவர்ஸ் சியர். கரிக்காரர்கள் காலிப் பக்கத்தில் மூடி போட்டு வைத்து இதையே செய்யலாம். புகை மணமும் கூடச் சேரும். கனத்த துண்டில் நான் கரிக் கட்சிக்குத் தாவுவது இந்த ஒரு காரணத்தால்தான்.

ஓவனின் மேல் கம்பியில் வாட்டும் பிராய்லர் கிட்டத்தட்ட தலைகீழான கிரில். துண்டு கம்பிக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்பதை மறக்காவிட்டால் நன்றாகவே வரும். ஏர் ஃப்ரையர் வேகவைக்கும், முறுக்காது.

எந்த முறையானாலும் தெர்மாமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். உள்ளங்கையை அழுத்திப் பார்த்துப் பதம் சொல்லும் வித்தை ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் மாறும். பக்கவாட்டிலிருந்து நடுவரை குத்திப் பார்க்க வேண்டும். நேரடியாகக் கடுஞ்சூட்டில் வாட்டியது எடுத்த பிறகும் 3, 4 டிகிரி ஏறும். இலக்குக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டுக்குச் சொல்லும் பாதுகாப்புக் கணக்கு 63 டிகிரியும் 3 நிமிட ஓய்வும். மீடியம் ரேர் அதற்குக் கீழே. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும் என்பதை நம்பித்தான் பலரும் அதைச் சாப்பிடுகிறார்கள். ஊசியால் குத்தி மென்மையாக்கிய இறைச்சியில் அவை உள்ளே போயிருக்கலாம், அரைத்த இறைச்சியில் நிச்சயம் கலந்திருக்கும். இவற்றுக்கு அந்தத் துணிச்சல் கூடாது; அரைத்த இறைச்சிக்கு அதே துறை சொல்வது 71 டிகிரி. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் சமைக்கும்போது முழுத் துண்டுக்கும் 63தான்.

இனி எந்தப் பகுதிக்கு எது என்று பார்க்கலாம். கொழுப்பு ஊடுபாவாக ஓடும் விலாப் பகுதித் துண்டான ரிப்ஐ தணலில் தீயைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். சட்டியில் அதே கொழுப்பு எண்ணெயாக உதவும். முதுகெலும்பை ஒட்டிய, கொழுப்பு குறைந்த டெண்டர்லாயினுக்குச் சட்டியும் வெண்ணெயும் வேண்டும், இல்லையென்றால் மென்மை மட்டும் இருக்கும், ருசி இருக்காது. 'T' வடிவ எலும்போடு வரும் டி-போன் மட்டும் சட்டிக்கு ஒத்துவராது: இறைச்சி சுருங்கும், எலும்பு சுருங்காது, அது முட்டுக்கொடுத்துத் துண்டைத் தூக்கிவிடும். அதைக் கிரிலில் போடுங்கள். வயிற்றுப் பகுதியிலிருந்து வரும் ஃபிளாங்க், ஸ்கர்ட் போன்ற நீளமான மெல்லிய பட்டைகளும் தணலுக்கே உரியவை. சட்டியில் அடங்காது, அடங்கினாலும் ஈரம் விட்டு அவிந்துவிடும். கங்கு கனலும் பக்கத்தில், பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். இவற்றை நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டாவிட்டால் எவ்வளவு நன்றாக வாட்டியும் ரப்பர்தான். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பச்சையாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முறுகல் ஏறிய பிறகு அது சரியாகத் தெரியாது.