ஜெனரிக் இன்ஹேலருக்கு மாறலாமா?

"அதே மருந்துதான்மா, கம்பெனிதான் வேற." மெடிக்கல் ஷாப்பில் இதைக் கேட்காத ஆஸ்துமாக்காரர் இருக்க மாட்டார். காய்ச்சல் மாத்திரை என்றால் சரி என்று வாங்கிக்கொள்கிறோம். இன்ஹேலர் என்றால் மட்டும் மனசு ஒப்புவதில்லை. மூச்சு விஷயமாயிற்றே, அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலர் பயப்படுவது தேவையில்லாத இடத்தில்.

முதலில் எது அசல், எது நகல்? காப்புரிமை முடிந்தபின் மற்ற கம்பெனிகள் செய்யும் அதே மருந்துதான் ஜெனரிக். இளைப்பு வந்ததும் அடித்துக்கொள்ளும் சால்புடமாலைக் கண்டுபிடித்தது இங்கிலாந்தின் கிளாக்ஸோ குழுமம். 1969-ல் வென்டோலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை முடிந்து எவ்வளவோ காலமாயிற்று. நாம் 'நல்ல கம்பெனி மருந்து' என்று கேட்டு வாங்கும் சிப்லாவின் ஆஸ்தாலின், அதே சால்புடமாலின் ஜெனரிக்தான். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர்களிலும், செரிடைடுக்கு செரோஃப்ளோ, சிம்பிகார்ட்டுக்கு ஃபோராகார்ட், புடமேட் எல்லாம் அப்படியே. ஆக நம் ஊரில் நோயாளி முன்னால் இருப்பவை மூன்று: அசல் கம்பெனியின் இன்ஹேலர், பெயர் பெற்ற இந்தியக் கம்பெனியின் இன்ஹேலர், மருந்தின் பெயரை மட்டும் அச்சிட்டு மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் விற்கும் இன்ஹேலர். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நம்மில் பெரும்பாலோர் எப்போதோ வந்துவிட்டோம்.

அப்புறம் ஏன் பயம் நியாயம் என்கிறேன்? மாத்திரையை விழுங்கினால் மீதியை வயிறு பார்த்துக்கொள்ளும். இன்ஹேலரில் மருந்தை நுரையீரல்வரை கொண்டுபோவது கருவியின் பொறுப்பு. துகளின் அளவு, வால்வு, மருந்து வெளிவரும் துளை என எது மாறினாலும் உள்ளே போகும் அளவு மாறலாம். செரிடைடின் தூள் இன்ஹேலருக்கு அமெரிக்காவில் அட்வேர் டிஸ்கஸ் என்று பெயர். அதற்கு அங்கே 2000-ல் அனுமதி கிடைத்தது. அதன் முதல் ஜெனரிக்கான விக்ஸேலா வந்தது 2019-ல். காப்புரிமை மட்டும் காரணமில்லை. தூளும் கருவியும் சேர்ந்து அசலைப் போலவே வேலை செய்கின்றன என்று நிரூபிப்பது அவ்வளவு கடினம். மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் பெக்லோமெத்தசோன் இன்னும் தெளிவான உதாரணம். க்யுவார், கிளெனில் என்ற இரு இன்ஹேலர்களிலும் அதே மருந்துதான். ஆனால் க்யுவாரின் துகள் மிக நுண்ணியது. ஒரே மைக்ரோகிராமுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வேலை செய்யும். அதனால்தான் பிரிட்டனில் இந்த மருந்தைக் கம்பெனிப் பெயர் போட்டே எழுதச் சொல்கிறார்கள்.

நோயாளிகள் அதிகம் சொல்லும் குறை வேறு: "அடிச்சது தெரியவே இல்ல." தொண்டையில் சில்லென்று வேகமாகப் பட்டால்தான் மருந்து போனதாக நினைக்கிறோம். ஸ்ப்ரே மெதுவாக வருவதோ, ருசி மாறுவதோ மருந்து குறைவு என்பதற்கு அடையாளமில்லை. உந்தும் வாயுவும் அதோடு கலக்கும் ஆல்கஹாலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடலாம். தொண்டையில் பலமாக அடிக்கும் மருந்தில் பெரும்பங்கு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் உண்மை.

உண்மையான ஆபத்து, கருவி மாறியதைக் கவனிக்காமல் விடுவது. என் அம்மாவுக்கு ஒரு கடையில் இன்ஹேலர் கருவிக்குள் போட்டு இழுக்கும் தூள் கேப்ஸ்யூலை வேறு கம்பெனியுடையதாகக் கொடுத்து, "பழைய மெஷின்லயே போட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இழுத்த பிறகு திறந்து பார்த்தால் கேப்ஸ்யூல் சரியாகப் பிரியவே இல்லை, பாதித் தூள் அப்படியே இருந்தது. மருந்தில் குற்றமில்லை, அந்தக் கருவிக்கு அந்தக் கேப்ஸ்யூல் பொருந்தவில்லை. அழுத்தி அடிக்கும் பம்ப்பை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். தூள் இன்ஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர் பழைய பழக்கத்தில் இழுத்தால் எந்தக் கம்பெனியாலும் பலனில்லை.

விலையைப் பார்ப்போம். சால்புடமாலுக்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது; 200 பஃப், அதாவது 200 முறை அடிக்கும் மருந்து, பல மாதம் வரும். அதில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, கைப்பழக்கமானதையே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் அப்படியில்லை. வேளைக்கு இரண்டு பஃப், இரு வேளை என்றால் 120 பஃப் சரியாக ஒரு மாதம். காசு கட்டுப்படியாகாமல் இதை நிறுத்திவிட்டு, இளைப்பு வரும்போது மட்டும் சால்புடமால் அடித்துக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். மூச்சுக்குழாயின் வீக்கம் உள்ளே அப்படியே இருக்க, குழாயை மட்டும் விரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: டாக்டரிடம் சொல்லிவிட்டு மக்கள் மருந்தகத்துக்குப் போங்கள். நிறுத்திய அசலைவிட விடாமல் எடுக்கும் ஜெனரிக் ஆயிரம் மடங்கு மேல்.

மாறுவதை உடம்பு நன்றாக இருக்கும் நாளில் செய்யுங்கள். அடைமழைக்காலத்தில், வீசிங் நடுவில் வேண்டாம். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால் மாறுவதற்கு முன்பும் பின்பும் சில வாரம் குறித்து வையுங்கள். மூச்சு மோசமானால் டாக்டரிடம் அந்தக் கணக்கோடும் புது இன்ஹேலரோடும் போய், அவர் எதிரில் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள். மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்றாதீர்கள். பெட்டியில் 100, 200, 400 என்று போட்டிருக்கும் அளவை டாக்டர் எழுதிய சீட்டோடு ஒப்பிட்டு, உள்ளே இருக்கும் கருவி நீங்கள் பழகியதுதானா என்றும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.