கோத்தகிரியில் விம்பிள்டன் இறுதி ஆட்டம் பார்க்க ஒரு டீக்கடை

என் அப்பாவுக்கு 78 வயது. குன்னூரில் ஒரு கிளப்பில் முப்பது வருடத்துக்கு மேல் டென்னிஸ் மார்க்கராக இருந்தவர். ஜோடி கிடைக்காத மெம்பருக்கு எதிரில் நின்று ஆடுவது, விடிவதற்குள் கோர்ட்டுக்கு ரோலர் இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, நெட்டை இழுத்துக் கட்டுவது எல்லாம் மார்க்கர் வேலைதான். ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வருடமாக வீட்டு டிவியில் அவருக்குப் பந்து தெரிவதில்லை. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இருந்தும் அந்தச் சின்னத் திரையில் பந்து தொலைந்துவிடுகிறது. "உள்ளயா, வெளியயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ப் படுத்துவிடுவார்.

இந்த டீக்கடையைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து டானிங்டன் போகிற வழியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நீல ஷட்டர், வாசலில் வர்க்கி அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, அதுதான் அடையாளம். பின்னால் ஓர் அறை. அதன் வெள்ளைச் சுவர் முழுவதும் புரொஜெக்டர் படம் விழும். கிரிக்கெட்டுக்காக வாங்கிய புரொஜெக்டராம். ஆனால் கடைக்காரருக்கு டென்னிஸ் மேல் தனிப் பிரியம். ஆண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம் என்றால் அன்றைக்கு வேறு எதுவும் ஓடாது. நுழைவுக் கட்டணம் இல்லை, டீ குடித்தால் போதும்.

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. அல்கராஸும் சின்னரும். முன்பெல்லாம் விம்பிள்டன் இறுதி ஆட்டம் நமக்குச் சாயங்காலம் ஆறரைக்கே தொடங்கிவிடும். இந்த வருடம் அங்கே நேரத்தை நாலு மணிக்குத் தள்ளிவிட்டார்கள், நமக்கு இரவு எட்டரை. எட்டரைக்கெல்லாம் பாதிக் கடைகள் சாத்திவிடுகிற ஊரில், அதுவும் ஜூலை மழையில், ஒருவர் நள்ளிரவு வரை அடுப்பை அணைக்காமல் வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை. கட்டபெட்டிலிருந்து அப்பாவையும் காலேஜில் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு கடைசிக்கு முந்தைய பஸ்ஸில் போய் இறங்கினேன்.

உட்கார்ந்து இரண்டு கேம் ஆகியிருக்கும். சின்னர் பின்கோட்டிலிருந்து ஒன்று குறுக்கே அடித்தார். அப்பா யாரையும் கேட்கவில்லை. "கோட்டுல பட்டுச்சு" என்றார். நான் திரும்பி அவரைத்தான் பார்த்தேன். சுவரில் பந்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து போகிறது, மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிகிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெள்ளைப் பந்துதான். டிவியில் நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் 1972இல் மஞ்சள் பந்துக்கு அனுமதி வந்தது, விம்பிள்டன் 1986இல்தான் மாறியது. அந்த மஞ்சளின் பலன் எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

கடைக்காரர் கறாராக நடத்துகிறார், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பந்து ஓடும்போது யாரும் டீ கேட்கக்கூடாது, அவரும் எழுந்து நடக்கமாட்டார். வீரர்கள் பக்கம் மாறி உட்காரும் 90 விநாடியில்தான் தட்டு வரும், செட் முடிந்தால் 120 விநாடி. அந்த நேரத்தில் விளம்பரச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, யாருக்கு எத்தனை என்று விரலாலேயே கேட்டு ஊற்றிக் கொடுத்துவிடுகிறார். படம் நேரலையைவிடக் கொஞ்சம் பின்தங்கி வருகிறது. ஒரு பையன் போனில் ஸ்கோரைப் பார்த்து முன்கூட்டியே கத்தினான். "தம்பி, போனைப் பையில வைங்க, இல்லைன்னா முன்கடைல உட்காருங்க" என்றார். அவன் பையில் வைத்துவிட்டான்.

முதல் செட்டில் 2-4 என்று பின்தங்கிய அல்கராஸ் அடுத்த நாலு கேமையும் எடுத்தார். என் மகள் அவர் பக்கம், குதித்தாள். பாரீஸில் ஐந்து வாரத்துக்கு முன் பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் இதே சின்னரிடம் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டை, அதாவது ஒன்று போனாலும் கோப்பை போய்விடும் என்ற பாயிண்டை, காப்பாற்றி ஜெயித்தவராயிற்றே. அப்பா மட்டும் சின்னரைக் காட்டி, "சின்னப்பையன் இன்னும் ஆடலை, பாரு" என்றார். அடுத்த மூன்று செட்டும் 6-4, 6-4, 6-4 என்று சின்னருக்குப் போனது. நாலாவது செட்டில் 4-3இல் சின்னரின் சர்வீஸ் 15-40 ஆனபோது, இன்னும் ஒரு பாயிண்ட் போனால் அந்த கேம் அல்கராஸுக்கு என்ற நிலையில், அறையில் யாரும் கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதைச் சின்னர் காப்பாற்றியதும் அப்பா கைதட்டினார்.

இந்த வருடம் விம்பிள்டனில் கோட்டு நடுவர்கள் இல்லை, எல்லாம் மின்னணுக் கருவி. 1877இல் தொடங்கிய போட்டியில் இது முதல் முறை. வாழ்நாள் முழுக்கக் கோடு போட்ட மனிதர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கோட்டுக்குப் பின்னாடி ஆளே இல்லையே" என்று மட்டும் சொன்னார். அப்புறம் பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சு நம் நாட்டு டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனுக்குப் போனது. 1960இலும் 1961இலும் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதி வரை போனபோது அப்பா பந்து பொறுக்கிப் போடும் பையன். முதல் வருடம் ஃப்ரேசரிடமும் அடுத்த வருடம் லேவரிடமும் தோற்றார், அந்தந்த வருடம் அவர்கள்தான் கோப்பையை வாங்கினார்கள். மலையில் பந்து ஏன் பறக்கிறது என்று ஒரு காலேஜ் பையன் கேட்டான். காற்று லேசு என்பதையும், கீழ்நாட்டிலிருந்து வருபவர்கள் முதல் அரைமணி நேரம் பின்வலையிலேயே அடிப்பார்கள் என்பதையும், 4,000 அடிக்கு மேலே ஆட விதிப்படியே தனிப் பந்து உண்டு, அதில் ஒரு வகையை 60 நாள் அந்த உயரத்திலேயே வைத்திருந்து பழக்கவேண்டும் என்பதையும் அப்பா விளக்கினார். அவரை இப்படிப் பேசவைத்த இடத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சரி, டீ. நான் ஃபேக்டரியில் டீமேக்கர், நாக்கு சும்மா இருக்காது. முதல் இரண்டு முறை வந்த டீ நல்ல டீ: நிறமும் உண்டு, கடுப்பும் உண்டு, பால் அதை அமுக்கவில்லை. மூன்றாவது செட்டுக்குப் பிறகு அதே டிகாக்‌ஷனைச் சூடுபண்ணிக் கொடுத்தார், கசந்துவிட்டது. புதிதாகப் போடச் சொன்னேன், அடுத்த இடைவேளையில் போட்டுவிட்டார். டீ 15 ரூபாய். வர்க்கி மொறுமொறுப்பு. மிளகாய் பஜ்ஜி ஒன்பதரைக்கே தீர்ந்துவிட்டது.

குறைகள் உண்டு. கதவோர நாற்காலியில் கால் விறைத்துவிடும், வயதானவர்களை அங்கே உட்காரவைக்காதீர்கள். கடையில் கழிப்பறை இல்லை. என் மகள் கேட்டதும் கடைக்காரரின் வீட்டம்மா மாடி வீட்டைத் திறந்துவிட்டார், ஆனாலும் கேட்டு வாங்கவேண்டிய நிலை இருக்கக்கூடாது. கரண்ட் ஒருமுறை போனது. யு.பி.எஸ். இருப்பதால் படம் நிற்கவில்லை, அறை விளக்குதான் அணைந்தது.

ஆட்டம் முடியும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. பஸ் இல்லை. ராத்திரியில் கரடியும் காட்டுமாடும் நடமாடுகிற ரோடு, நடக்க முடியாது. கடைக்காரர் தன் பிக்கப்பில் எங்களைக் கட்டபெட்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். டீசலுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன், வாங்கவே மாட்டேன் என்றவர் அப்பா சொன்னதும் வாங்கிக்கொண்டார்.

அமெரிக்க ஓப்பன் இறுதி நமக்கு இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும், அதற்குக் கடை இருக்காது என்று சொல்லிவிட்டார். ஜனவரியில் ஆஸ்திரேலிய இறுதி மதியம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் மேற்கு ஜன்னல் வெயில் சுவரில் விழுந்தால் படம் வெளுத்துப்போகும் என்றேன். ஜன்னலுக்குக் கம்பளி கட்டிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு நடு நாற்காலி சொல்லிவைத்தாகிவிட்டது.