ஸ்டார் வார்ஸ் டெஸ்டினி ‘சீல் உடைக்காத பெட்டி’: காசு போட முதல் இதை வாசியுங்கோ

ஸ்டார் வார்ஸ் டெஸ்டினி என்கிற, கார்ட்டும் டைஸும் வைத்து விளையாடுகிற விளையாட்டை யாழ்ப்பாணத்தில் விளையாடுகிற பெடியளுக்கும், அவர்களுக்காகக் காசு அனுப்புகிற வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் இதை எழுதுகிறேன். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து 54,000 ரூபாய் குடுத்து ஏமாந்துவிட்டோம். அதில் இரண்டு பேர் ஏ.எல். படிக்கிற பிள்ளைகள். மற்றவர்களைச் சேர்த்தது நான்தான். அதனால் சொல்ல வேண்டிய பொறுப்பும் எனக்குத்தான்.

பெரியம்மாவின் மகன் ஸ்கார்பரோவில் இருந்து வரேக்க ரே, கைலோ ரென் என்ற இரண்டு ஸ்டார்ட்டர் (தொடக்க) பெட்டிகளையும் கொண்டுவந்தான். கொக்குவிலில் எங்கட வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் விளையாடத் தொடங்கினோம். கூட்டினால் 30 புள்ளிக்குள் வரும்படி கதாபாத்திரங்களை எடுக்க வேண்டும், 30 கார்ட் கொண்ட கட்டு ஒன்று வைத்திருக்க வேண்டும். டைஸை உருட்டி, விழுகிற முகத்தை வைத்து எதிராளியை அடிக்கலாம், அடியைத் தடுக்கலாம், வளம் சேர்க்கலாம். சில பாத்திரங்களை ஒரு டைஸோடு குறைந்த புள்ளிக்கும், இரண்டு டைஸோடு கூடின புள்ளிக்கும் எடுக்கலாம். எந்த டைஸ் எந்தக் கார்ட்டுக்கு என்பது மாறாது. டைஸ் இல்லாத டார்த் வேடர் கார்ட் வெறும் படம்தான். இல்லாத டைஸுக்கு நாங்கள் லூடோ டைஸில் காகிதம் ஒட்டி விளையாடினோம். அதிலும் ஒரு குறையும் இருக்கவில்லை.

2016 நவம்பரில் பேன்டசி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்ட விளையாட்டு இது. அமெரிக்காவில் மினசோட்டாவில் உலக சாம்பியன்ஷிப் வரைக்கும் நடந்தது. 2020 ஜனவரியில், கோவர்ட் மிஷன்ஸ் தொகுதியோடு முடிக்கிறோம் என்று கம்பனி அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு ரசிகர்கள்தான் தாங்களே கார்ட் வடிவமைத்து, தாங்களே போட்டி வைத்து விளையாடுகிறார்கள். இதை நான் அப்போதே தேடிப் பார்த்திருந்தால் எங்களுக்குப் பெட்டி விற்ற ஆளின் முதல் வசனமே பொய் என்று விளங்கியிருக்கும்.

கொழும்பில் இருந்து முகநூலில் விற்கிறவர். போனில் மரியாதையாகத்தான் கதைத்தார். “தம்பி, டிசம்பரில கொழும்பில கம்பனி அங்கீகரிச்ச போட்டி வருது. காகிதம் ஒட்டின டைஸோட வந்தா உள்ள விடமாட்டினம். என்னட்ட 36 பை உள்ள பெட்டி ஒண்டு சீல் உடைக்காமல் கிடக்கு, வேடரும் ரெண்டு டைஸோட தாறன். இனி இது உலகத்திலயே வராது” என்றார். “அண்ணை, பார்சல் வந்த பிறகு காசு தரலாமோ?” என்று கேட்டேன். வேறு ஆள் கேட்டுக்கொண்டு நிற்கிறார், பின்னேரத்துக்குள் வங்கியில் போட்டால்தான் எடுத்துவைப்பேன் என்றார். போட்டோம். ஸ்லிப்பையும் அனுப்பினோம்.

ஒன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. வெளியே பிளாஸ்டிக் சுற்றி இருந்தது. ஆனால் உள்ளே இருந்த பைகளின் மேல் ஓரம் பசையால் ஒட்டப்பட்டிருந்தது, விரலில் பிசுபிசுத்தது. இந்த விளையாட்டில் ஒரு பைக்கு ஐந்து கார்ட், ஒரு டைஸ். மூன்று சாதாரணம், ஒன்று அதற்கு மேல், ஐந்தாவது அரிதானதோ, அதைவிட அரிதான லெஜண்டரியோ. டைஸ் அந்த ஐந்தாவது கார்ட்டுக்குரியது. 36 பையையும் பிரித்தோம். ஒரு லெஜண்டரிகூட இல்லை. பதினொரு பைகளில் கார்ட் ஒன்று, டைஸ் வேறு ஒன்று. வேடரின் டைஸில் ஒன்று அசல். மற்றது ஸ்டிக்கர் ஒட்டியது. அதைப் பார்த்த ஏ.எல். பெடியன் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்க் கிணத்தடியில் நின்றான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

போன் எடுத்தால், “இந்தக் கேமில டைஸ் மாறி மாறித்தான் வரும் தம்பி, உங்களுக்கு விளங்கேல்ல” என்றார். பச்சைப் பொய். கார்ட்டிலேயே அந்த டைஸின் ஆறு முகமும் அச்சடித்திருக்கும். டைஸைக் கையில் உருட்டி ஒவ்வொரு முகமாக ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாங்க முதல் விற்கிறவரிடம் கார்ட்டையும் டைஸின் ஆறு முகங்களையும் ஒரே வீடியோவில் காட்டச் சொல்லுங்கோ. அசல் டைஸில் படம் பிளாஸ்டிக்கோடு படிந்திருக்கும், நகம் வைத்துச் சுரண்டினால் உரியாது. பையின் இரண்டு ஓரங்களையும் கிட்ட வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கோ.

இன்னொன்று. ‘நின்றுபோன விளையாட்டு, அதனால் விலை’ என்பதை அப்படியே நம்பாதையுங்கோ. கம்பனி நிறுத்திய பிறகு வெளிநாட்டுக் கடைகளில் தேங்கின பெட்டிகளை மலிவாகத் தள்ளினார்கள். ஒரு பை முதலில் விற்றதே 2.99 அமெரிக்க டொலருக்குத்தான். விலை நிற்பது சில லெஜண்டரிகளுக்கு, அதுவும் டைஸோடு இருந்தால் மட்டும். சொந்தக்காரர் யாரும் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் அவர்களைக் கொண்டு அங்கேயே வாங்குவிப்பது நல்லது.

போட்ட காசைத் திருப்ப முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் அழைத்துக் கதைத்தோம். பில்லும் கடை விலாசமும் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது ஸ்லிப்பும் அரட்டைப் படங்களும்தான். பில் தராதவருக்குக் காசு போடாதையுங்கோ. பார்சல் கையில் வந்ததும் பிரிக்கிறதை முழுக்க வீடியோ எடுங்கோ. நாங்கள் எடுக்கவில்லை, அதனால்தான் ‘நீங்களே மாத்தினீங்கள்’ என்று அவர் சொல்லக் கூடியதாக இருந்தது.

அவரின் முகநூல் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. படம் மட்டும் மாறவில்லை: நீலப் பூப் போட்ட படுக்கை விரிப்பு, அதற்கு மேல் வலது மூலை நசுங்கின பெட்டி, பக்கத்தில் வேடர் கார்ட்டும் இரண்டு டைஸும். அந்த இரண்டில் ஒன்றின் விளிம்பில் ஸ்டிக்கர் கிளம்பி நிற்பது, படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்.