பெல்லட் ஸ்மோக்கரில் பன்றித்தோள்: தள்ளுபடியில் வாங்கலாமா என்று கேட்டவருக்கு

நான் வைத்திருக்கும் அதே பெல்லட் ஸ்மோக்கர் (மரத்தூள் குச்சிகளை எரித்து, அந்தப் புகையில் கறியை வேகவைக்கும் அடுப்பு) இப்போது தள்ளுபடியில் வந்திருக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. அந்தக் குச்சிகளைத் தீக்குத் தள்ளும் திருகுத்தண்டைச் சுழற்றும் மோட்டாரைப் போன வாரம்தான் கைக்காசு போட்டு மாற்றினேன். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதாம். நியாயமாக எழுதவே முயல்கிறேன். முடியாத இடங்களில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பவுண்டு கொள்ளும், கைபேசிச் செயலி என்னென்ன செய்யும் என்பதெல்லாம் கடைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். நான் இதை வாங்கியது ஒரே வேலைக்காக. பன்றியின் முன்தோளை இரவு முழுவதும் புகையில் வேகவிட்டு, மறுநாள் மதியம் நார்நாராகப் பிய்த்து, வினிகர் சாஸில் பிரட்டிச் சாப்பிட வேண்டும். வட கரோலினாவில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் ஒருமுறை இங்குள்ள ஏய்டன் ஊரில் 1947 முதல் நடக்கும் ஸ்கைலைட் இன் உணவகத்துக்குப் போய்வாருங்கள். அங்கே முழுப் பன்றியை விறகுத் தணலில் சுட்டு, மொறுமொறுவென்ற தோலையும் சேர்த்து வெட்டுக்கத்தியால் கொத்தி, தட்டையான சோளரொட்டியோடும் கோஸ் சாலட்டோடும் காகிதத் தட்டில் வைத்துத் தருவார்கள். வேறு ஆடம்பரம் எதுவும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 225 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 107 செல்சியஸ் என்று வைத்தால் அங்கேயே நிற்கும். எலும்போடு எட்டு பவுண்டு எடையுள்ள ஒரு தோள் இந்தச் சூட்டில் வேகப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். விறகு அடுப்பென்றால் அவ்வளவு நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் படுத்துத் தூங்கலாம்.

தோள் கறி தெரிந்தவர்களுக்கு ‘தேக்கம்’ தெரிந்திருக்கும். உள்வெப்பம் 150, 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரை மளமளவென்று ஏறிவிட்டு, அங்கேயே பல மணி நேரம் அசையாமல் நின்றுவிடும். முதன்முறை பார்ப்பவர் அடுப்பு கெட்டுவிட்டது என்றே நினைப்பார். கறியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சி, அடுப்பு கொடுக்கும் சூட்டுக்குச் சமமாகிவிடுவதுதான் காரணம். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் ஈரப் பஞ்சு ஒன்றையும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் அடுப்பில் வைத்து இதைச் சோதித்திருக்கிறார். பஞ்சு தேங்கி நின்றது, கொழுப்பு நிற்கவில்லை. தேக்கத்தின்போது பதறிப்போய்ச் சூட்டைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. இந்த இயந்திரம் பதறுவதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் தேக்கத்தைக் கடந்திருக்கும். 203 டிகிரி, அதாவது 95 செல்சியஸை நெருங்கும்போது கறியை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் எல்லாம் மெத்தென்ற ஜெலட்டினாகி, தோளெலும்பைப் பிடித்து இழுத்தால் கறி ஒட்டாமல் சுத்தமாக வந்துவிடும். அந்த எலும்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும் நொடிக்காக இந்த இயந்திரத்தின் பல குற்றங்களை மன்னித்திருக்கிறேன்.

மன்னிக்க முடியாதது தொட்டியின் மூடி.

மரத்தூளை இறுக அழுத்திச் செய்த சிறு குச்சிகள்தான் பெல்லட். தொட்டியிலிருந்து திருகுத்தண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சென்று தீக்கிண்ணத்தில் போடும். விசிறி காற்று கொடுக்கும். ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் இந்த ஏற்பாட்டுக்கு 1986இல் காப்புரிமை வாங்கினார். 2006இல் அது காலாவதியானதும் ஆளாளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். என்னுடையது அப்படிப் பின்னால் வந்த பிராண்டுகளில் ஒன்று, பெயர் வேண்டாம். பெல்லட்டுக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்தே ஊதிப்போய்த் தூளாக உதிர்ந்துவிடும். உதிர்ந்த தூள் திருகுத்தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே புகுந்து இறுகிக் காய்ந்தால் உளி கொண்டுதான் பெயர்க்க வேண்டும். மோட்டார் சுழல முடியாமல் திணறும், தீ அணையும், திணறித் திணறி ஒருநாள் மோட்டாரே கருகும்.

இங்கே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அப்படிப்பட்ட ஊர்களில் விற்கும் இயந்திரத்தின் தொட்டி மூடியில் ஒரு ரப்பர் விளிம்பு இல்லை. வெறும் தகரம் தகரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இடுக்கில் நகத்தை நுழைக்கலாம். கைபேசியில் கறியின் வெப்பத்தை வரைபடமாகக் காட்ட ஒரு பொறியாளர் குழுவே உழைத்திருக்கிறது. அந்த மூடிக்கு ஒரு முழ ரப்பர் பட்டை வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, பெல்லட்டை உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லிப் பதில் வந்தது. அதாவது தொட்டியில் பெல்லட்டை வைக்காமல் இருந்தால் தொட்டி நன்றாக வேலை செய்யுமாம்.

கதவு இடுக்கில் ஒட்டும் ரப்பர் பட்டையை வாங்கி நானே ஒட்டியிருக்கிறேன். கோடை வெயிலில் பசை இளகிப் பட்டை தொங்கிவிடும், மறுபடி ஒட்டுவேன். இதையெல்லாம் செய்தும் அணைந்த இரவுகள் உண்டு. அணைவது எப்போதும் நடுநிசிக்குப் பிறகுதான். செயலி அலறும். கையில் டார்ச்சோடு போய்ப் பார்த்தால் தீக்கிண்ணம் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது கறியின் உள்வெப்பத்தை. 140 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்து, அணைந்தும் அதிக நேரம் ஆகவில்லை என்றால் தாராளமாகக் காப்பாற்றலாம். பாதிச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப்போடுங்கள், எவ்வளவு விலையாக இருந்தாலும் சரி. என் தோள்கள் எல்லாம் தப்பித்தன. அலுமினியத் தாளில் சுற்றிச் சமையலறை ஓவனில் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து முடித்தேன். அப்படி முடித்த கறியைச் சாப்பிட்ட ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. “ஓவன்தான் வீட்டிலேயே இருக்கிறதே?” என்று என் மனைவி கேட்டாள். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் வித்தியாசம் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. புகை கறியில் நன்றாகப் பிடிப்பது தொடக்கத்தில், மேற்பரப்பு குளிர்ந்து ஈரமாக இருக்கும் நேரத்தில்தான். சுற்றிக் கட்டிய பிறகு கறிக்கு எந்த அடுப்பும் ஒன்றுதான்.

புகை என்றதும் இன்னொன்று. ரப்பர் பட்டை அளவுக்கு எரிச்சல் தராத விஷயம், ஆனால் யோசித்தால் அதைவிடப் பெரியது. பெல்லட் மிகச் சுத்தமாக எரிகிறது. விசிறி வேறு ஊதிக்கொண்டே இருப்பதால் புகை மெல்லியதாக வருகிறது. கோழிக்கும் மீனுக்கும் அது போதும். எட்டு பவுண்டுத் தோளுக்குப் போதாது. துளையிட்ட இரும்புக் குழாயில் பெல்லட்டை நிரப்பி ஒரு முனையில் பற்றவைத்து உள்ளே வைத்தால் புகை கூடும், நானும் வைக்கிறேன். ஆனாலும் ஹிக்கரிக் கட்டை தணலாகும்போது, அதில் பன்றிக்கொழுப்பு சொட்டிப் பொசுங்கும்போது வருமே, அந்த மணம் இதில் வருவதில்லை.

இதனால் மசாலா விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம். வட கரோலினாவின் லெக்சிங்டன் பக்கத்தில் தோளுக்கு உப்பைத் தவிர வேறெதுவும் தடவுவதில்லை என்பது பழைய வழக்கம். 1962இல் தொடங்கிய லெக்சிங்டன் பார்பிக்யூ கடையில் சாப்பிட்டுப் பாருங்கள். விறகும் உப்பும் பன்றியும்தான் நாக்கில் படும். அதே உப்புத் தோளை என் இயந்திரத்தில் வைத்தால் மெத்தென்று வெந்து, கண்ணியமாக, ஒன்றும் சொல்லாமல் வருகிறது. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் பாணியில் பாப்ரிகா, பழுப்புச் சர்க்கரை, பூண்டுப் பொடி, மிளகு, கொஞ்சம் கடுகுப் பொடி என்று கனமாகப் பூசினால்தான் மேலே கறுத்த பட்டை கட்டி, பிய்த்துக் கலக்கும்போது ஒவ்வொரு வாய்க்கும் ஏதாவது ருசி கிடைக்கிறது. கரோலினாவில் உட்கார்ந்துகொண்டு கரோலினாக் கறி செய்ய வாங்கிய இயந்திரம் என்னை டென்னசிக்கு அனுப்புகிறது. எந்த மசாலாவானாலும் உப்பை மட்டும் முந்தின நாளே தனியாகத் தடவி வைத்துவிடுங்கள். மற்றவை அடுப்பில் ஏற்றும் முன் பூசினால் போதும்.

இனி இயந்திரத்தோடு சம்பந்தமில்லாத, ஆனால் இந்த இயந்திரத்தால் எனக்குக் கிடைத்த ஒரு சந்தோஷம்: வினிகர் சாஸ். புகை குறைந்த கறியைத் தூக்கி நிறுத்த வழி தேடியபோதுதான் இதில் ஒழுங்காக இறங்கினேன். கிழக்குக் கரோலினா சாஸ் நம் ரசம்போல நீர்த்து இருக்கும், தக்காளி வாசனையே கிடையாது. இரண்டு கப் ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு மேசைக்கரண்டி சில்லி ஃப்ளேக்ஸ், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள். காய்ச்ச வேண்டாம். குப்பியில் போட்டுக் குலுக்கி ஒருநாளாவது வைத்திருங்கள். கடைச் சில்லி ஃப்ளேக்ஸுக்குப் பதில் ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயை வெறும் சட்டியில் வறுத்து இடித்துப் போடுகிறேன். கிழக்குக் கரோலினாக்காரர் யாரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

கெட்டியான சாஸ்கள் கறியின் மேல் படிந்து உட்கார்ந்துகொள்ளும். இது நாருக்குள் ஊறி இறங்கும். கொழுப்பின் திகட்டலை அந்தப் புளிப்பு அறுக்கிறது. சூடாகப் பிய்த்த உடனே, வடிந்த சாற்றில் கொழுப்பை எடுத்துவிட்டு மீதியைக் கறியிலேயே ஊற்றி, அதன் பிறகு சாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிரட்டுங்கள். ஆறிய கறியில் ஊற்றினால் அடியில் தேங்கி நிற்கும்.

லெக்சிங்டன் பாணிக்கு இதிலேயே அரை கப் கெச்சப் சேர்த்து, சர்க்கரை கரையும் வரை சூடாக்கினால் போதும். அதே சாஸில் பிரட்டிச் சிவந்த கோஸ் சாலட் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே மாநிலத்தின் இரு பாதிகள் இந்த அரை கப் கெச்சப்புக்காகத் தலைமுறைகளாகச் சண்டை போடுகின்றன. என் ஓட்டு கிழக்குக்கு. தென் கரோலினாவின் நடுப்பகுதியில் மஞ்சள் கடுகு சாஸ். அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த ருசி என்பார்கள். என் மைத்துனர் அதைத்தான் கேட்பார். கடுகும் வினிகரும் பழுப்புச் சர்க்கரையும் கலந்தது, ஆட்சேபம் இல்லை, ஆனால் இரண்டாவது தட்டில் அலுத்துவிடுகிறது. வினிகர் சாஸ் மூன்றாவது தட்டிலும் அலுக்காது, மறுநாள் மிஞ்சிய கறியில் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆக, கறி மெத்தென்று வருகிறது, நான் தூங்குகிறேன், விருந்தினர் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். என்றாலும் நண்பருக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம், முடியட்டும். அடுத்த மாதம் கேட்டிருந்தால் ஒருவேளை வேறு பதில் சொல்லியிருப்பேன். இந்த வாரம் கேட்டீர்கள். என்னுடையதைக் குறைந்த விலைக்குத் தருவேனா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தரமாட்டேன்.

22 அங்குல கெட்டில் கிரில் (மூடி போட்ட வட்டமான கரியடுப்பு) ஒன்று வாங்குங்கள். கரிவில்லைகளை உள்விளிம்பு ஓரமாக அரைவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டிரண்டாக அடுக்கி, மேலே ஹிக்கரித் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, ஒரு முனையில் மட்டும் பற்றவையுங்கள். தீ மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். ஆறேழு மணி நேரம் கழித்து வில்லைகளை நீட்டி அடுக்கினால் போதும். நடு இரவில் ஒருமுறை எழுந்திருக்க வேண்டியிருக்கும். நானும் எழுந்துகொண்டுதான் இருக்கிறேன். மிச்சமாகும் பணத்தில் கறிக்குள் குத்தும் நல்ல வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். மூடியில் பதித்து வரும் முள்ளை நம்பாதீர்கள், அது மூடியின் சூட்டைத்தான் சொல்லும்.