கலாசிபாளையத்துப் பட்டறை: ஆளை உட்காரவைத்து அளந்த பிறகே சீட்

பந்தயக் காருக்கு சீட் வேண்டும் என்று பெங்களூரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் பிராண்டைக் கேட்பார்கள், அடுத்ததாக பட்ஜெட்டை. ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால், கலாசிபாளையம் சந்து ஒன்றில் பெயர்ப்பலகை கூட இல்லாத இந்தப் பட்டறையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பெல்ட்டை எங்கே கட்டியிருக்கிறீர்கள், அம்மா?" என்பது. பட்டறைக்காரர் ஆம்பூர்க்காரர், எல்லோருக்கும் 'பாய்'. அந்தக் கேள்விக்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

என் உடல்வாகைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். உயரம் ஐந்தடி, தோள் குறுகல், இடுப்பு அகலம். உடலைப் பக்கங்களில் அணைத்துப் பிடிக்கும் பந்தய சீட்டான பக்கெட் சீட்டை வார்ப்பவர்கள் இதற்கு நேர்மாறான ஆளை மனதில் வைத்துத்தான் வார்க்கிறார்கள். வண்டி பழைய ஸ்விஃப்ட். ஆட்டோகிராஸுக்கும் சிறிய ரேலிகளுக்கும் ஓட்டுவது. ரோல் கேஜ் (கவிழ்ந்தால் கூரை அமுங்காமல் தாங்கும் குழாய்க்கூடு), பின்னால் பெல்ட் கட்டும் குறுக்குக் கம்பி, ஆறு முனை பெல்ட், மோதலில் தலை முன்னால் வீசப்படாமல் பிடித்துக் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. முன்பு போன பெரிய ஷோரூம் ஒன்றில் பேன்ட் அளவை மட்டும் கேட்டுவிட்டு, "மீடியம் போதும் மேடம், உட்கார உட்காரச் சரியாகிவிடும்" என்றார்கள். சீட்டின் கண்ணாடியிழை ஓடு உட்கார உட்கார விரியும் என்பது எனக்குப் புதிய செய்தி.

பாய் இரும்புச் சட்டத்தின் மேல் வெவ்வேறு அளவில் பழைய ஓடுகளை மாட்டி வைத்திருக்கிறார். பந்தய உடை, ஷூ, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு அவற்றில் ஒவ்வொன்றாக உட்கார வேண்டும். இடுப்புக்கும் சீட்டின் பக்கச் சுவருக்கும் இடையே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். முஷ்டி நுழைந்தால் அது உங்கள் சீட் அல்ல என்கிறார். இடுப்பு விஷயம் இப்படிச் சீக்கிரம் முடிந்துவிட்டது. நேரமெல்லாம் தோளுக்குத்தான் போனது.

தோள் பட்டை சீட்டின் துளை வழியாக, மட்டமாகவோ சற்றே சரிந்தோ பின்கம்பிக்குப் போக வேண்டும். ஹான்ஸ் அணிபவர்களுக்கு 0 முதல் 20 டிகிரி வரையிலான சரிவு நல்லது. பட்டையைச் செங்குத்தாகக் கீழிறக்கித் தரையில் கட்டினால், மோதும்போது அது தோளை அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். துளை தோளைவிட உயரமாக இருந்தால் வேறு தொல்லை: பட்டை தோளில் படியாது, இழுத்துக் கட்டினாலும் அடியில் இடைவெளி நிற்கும். குள்ளமானவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் இதுதான்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியம், அடியில் ஒரு தடித்த குஷன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "மெத்தை அமுங்கும், அமுங்கினால் பெல்ட் தளரும்" என்றார். அதோடு, குஷன் மேல் ஏறி உட்கார்ந்தால் இடுப்புப் பட்டைக்கான துளைகள் கீழே தங்கிவிடும். அந்தப் பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றில் ஏறினால் மோதலில் குடலும் கல்லீரலும்தான் அடி வாங்கும். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டைகள் இருப்பதே அதைக் கீழே பிடித்துவைக்கத்தான். துளையைத் தாழ்வாக வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். வெட்டிய ஓட்டுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று செல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கடைசியில், துளைகள் தாழ்வாகவும் இடுப்பு அகலமாகவும் உள்ள வேறொரு ஓட்டைத் தேர்ந்தெடுத்து, தோள் பக்கம் மட்டும் கெட்டியான ஃபோம் வைத்து அடைத்தார். எனக்குச் சாலை தெரிவதற்காக, பக்கவாட்டு பிராக்கெட்டில் மேல் துளைகளைப் பயன்படுத்தி சீட்டையே உயர்த்தினார். சீட் ஏறினால் தோளும் ஏறும், கேஜோடு பற்றவைத்த பின்கம்பி ஏறாது. ஆகவே கோணமானி வைத்துச் சரிவை மறுபடி அளந்தார். ஹெல்மெட்டுக்கும் கூரைக் கம்பிக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்தார். பிராக்கெட் 3 மி.மீ. எஃகு, நான்கு இடங்களில் 8 மி.மீ. போல்ட். எஃப்.ஐ.ஏ. விதிப்படி குறைந்தபட்ச அளவு இது. தரைத்தகடு பிய்ந்து வராமல் அடியில் எதிர்த்தகடும் உண்டு.

முதலில் அவர் காட்டியது ஒரு பழைய சீட். விலை ஆசை காட்டியது. எஃப்.ஐ.ஏ.வின் 8855-1999 தரச் சீட்டுகளுக்குத் தயாரித்ததிலிருந்து 5 ஆண்டுதான் ஆயுள், இதற்கு முடிந்துவிட்டது என்று அவரே லேபிளைத் திருப்பிக் காட்டினார். அந்தத் தெருவில் எல்லோரும் இப்படி லேபிளைத் திருப்புவதில்லை.

நான் இருக்கும்போதே இரண்டு பையன்கள் தினசரி ஓட்டும் காரில் பக்கெட் சீட்டும் நான்கு முனை பெல்ட்டும் மாட்டச் சொல்லி வந்தார்கள். சில்க் போர்டு நெரிசலில் எந்த வளைவை எடுக்கப்போகிறார்களோ! கேஜ் இல்லாத வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கினால், அந்த பெல்ட் உங்களைச் சாயவிடாமல் நிமிர்த்தியே பிடித்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் வளைவுகளில் கதவில் முட்டியை முட்டுக்கொடுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவேன். இப்போது ஸ்டியரிங் திருப்புவதற்கு மட்டும் பயன்படுகிறது. ஒரு குறை: முன்விளிம்பு உயரம் என்பதால், கிளட்சை மிதிக்கும்போது இடது தொடையின் அடியில் அழுத்துகிறது. தொடைப் பகுதி குஷனை மெல்லியதாக மாற்றித் தந்தார். குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

கூலி மலிவல்ல. தொலைபேசியை எடுப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் பட்டறை மூடியிருக்கும். கே-1000 ரேலி நெருங்கும்போது போனால் வேலை தள்ளிப்போகும். சந்துக்குள் கார் நுழைய காலை நேரம்தான் வசதி. ஹெல்மெட் இல்லாமல் போனால் கூரை இடைவெளியை உத்தேசமாக அளக்க மாட்டார், இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்.