கெஸ்ட் லெக்சரரா, ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப்பா? சேலத்துல எம்எஸ்சி முடிச்சவங்களுக்கு

என் சித்தி பொண்ணு போன வாரம் கேட்டா, "அக்கா, கெஸ்ட் லெக்சரரா போகட்டுமா, இல்ல ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல சேரட்டுமா"ன்னு. நான் ரெண்டுலயும் இருந்துட்டேன், அதனால அவகிட்ட சொன்னத இங்கயும் எழுதுறேன்.

அரசு கலைக் கல்லூரில கௌரவ விரிவுரையாளர், அதாவது கெஸ்ட் லெக்சரர்னா மாசம் 25,000, அதுவும் வருஷத்துல 11 மாசம்தான், மே மாசம் கையில ஒண்ணும் இருக்காது. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2019லயே கெஸ்ட் ஃபேகல்டிக்கு மாசம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லிருச்சு, இங்க அதுல பாதிதான் வருது, இத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஆனா கிளாஸ் எடுக்குற பழக்கம் இதுல வர்ற மாதிரி வேற எதுலயும் வராது, வீட்லருந்தே பஸ் ஏறிப் போயிட்டு வந்துரலாம்.

ப்ராஜெக்ட்ல விளம்பரத்த நல்லா படிக்கணும், இங்கதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்)னு போட்டிருந்தா 2023 ஜனவரிலருந்து 37,000, மூணாவது வருஷம் எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆராய்ச்சியாளர்) ஆனா 42,000, ரெண்டுக்கும் வீட்டு வாடகைப் படி தனி. அதே வேலையவே ப்ராஜெக்ட் அசோசியேட்னு போட்டிருந்தா, 2020ல வந்த விதிப்படி நெட் அல்லது கேட்ங்கிற தேசியத் தேர்வு பாஸ் பண்ணவங்களுக்கு 31,000, இல்லாதவங்களுக்கு 25,000னு இருந்துச்சு. பேர்ல ஒரு வார்த்த மாறுனா கையில வர்ற காசே மாறிடுது.

சேலம் பக்கம் ப்ராஜெக்ட்டுக்கு கருப்பூர் பெரியார் பல்கலைக்கழகம் மட்டும்தான் இருக்குன்னு நெனச்சுக்காதீங்க. ஏத்தாப்பூர்ல மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம், ஏற்காட்டுல தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ரெண்டும் வேளாண் பல்கலைக்கழகத்தோடது, ஏற்காட்டுலயே இந்திய தாவரவியல் ஆய்வகத்தோட ஆர்க்கிட் தோட்டமும் இருக்கு. இந்த மாதிரி எடத்துல ஆள் எடுத்தா பேப்பர்ல பெருசா வராது, அவங்க வெப்சைட்ல ஒரு மூலையில போட்டு இன்ன தேதிக்கு நேர்ல வான்னுடுவாங்க, வாரம் ஒரு தடவயாவது பாக்கணும்.

ப்ராஜெக்ட்ல குறையே இல்லன்னு சொல்லமாட்டேன். எனக்கு ஒரு தடவ அஞ்சு மாசம் சம்பளமே வரல, கணக்கு அனுப்ப லேட் ஆனதால அடுத்த தவணைப் பணம் நின்னுபோச்சு, அப்பாகிட்ட கை நீட்டித்தான் வாடகை கட்டுனேன். அதனால இன்டர்வியூலயே ரெண்டு விஷயம் கேட்டுருங்க, ப்ராஜெக்ட் முடிய எத்தன மாசம் பாக்கி, இதுலயே பிஎச்டி பதிய விடுவாங்களா. பதில் மழுப்புனா வேற எடம் பாருங்க.

சுயநிதி காலேஜ் பத்தி ஒண்ணுதான், ஒரிஜினல் சர்டிபிகேட்ட குடுத்துட்டு சேராதீங்க.

நான் அவள ப்ராஜெக்ட்லதான் சேரச் சொன்னேன். உதவிப் பேராசிரியர் ஆகணும்னா 2023 ஜூலைலருந்து நெட், இல்லன்னா மாநில அளவுல நடக்குற செட் தேர்வுதான் அடிப்படத் தகுதி, 2024 மார்ச்ல ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) 4,000 எடத்துக்கு அறிவிச்சப்பவும் எழுத்துத் தேர்வு உண்டுன்னுதான் சொன்னாங்க. லேப்ல இருந்தா சாயங்காலம் படிக்க நேரம் கெடைக்கும், ஆராய்ச்சிக் கட்டுரை போட வழி இருக்கும். இந்த வாரம் அவ ஏத்தாப்பூருக்குக் கெளம்புறா, பயோடேட்டாவ நாந்தான் திருத்திக் குடுத்தேன்.