அமெரிக்காவில் கவுன்சலிங் (மனநல ஆலோசனை) முதுகலை: ஆன்லைன் படிப்புகள் தேறுமா?

பாடம் நடத்துவதில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆன்லைன் படிப்புகள் சறுக்குவது களப்பயிற்சியில்தான். கேக்ரெப் (CACREP, கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால் 60 செமஸ்டர் கிரெடிட், 100 மணி நேர பிராக்டிகம் எனும் தொடக்கக் களப்பயிற்சி (அதில் 40 மணி ஆலோசனை தேடி வருபவர்களுடன் நேரடி அமர்வு), பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப் (240 நேரடி). இந்தப் பயிற்சிக்கான இடத்தைப் பல கல்லூரிகள் மாணவரையே தேடிக்கொள்ளச் சொல்லிவிடுகின்றன. சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இடம் கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு? மழுப்பலாகப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

குடும்பச் சிகிச்சையாளர் ஆவதே குறி என்றால் கோ-ஆம்ஃப்டி (COAMFTE, தம்பதி, குடும்பச் சிகிச்சைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பொருத்தம். தம்பதி, குடும்ப அமர்வுகளுக்கென்று தனி மணிக்கணக்கு அங்கே உண்டு. கவுன்சலிங் பட்டத்தை வைத்துக்கொண்டு குடும்பச் சிகிச்சையாளர் உரிமத்துக்கு விண்ணப்பித்தால், பல மாநிலங்களில் கூடுதல் பாடம் கேட்பார்கள்.

உரிமம் பெற, பட்டம் பாதி தூரம்தான். கலிஃபோர்னியாவில் 3000 மணி நேரம், குறைந்தது 104 வாரம், மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். பட்டம் கிடைத்த 90 நாளுக்குள் அசோசியேட் பதிவுக்கு (முழு உரிமத்துக்கு முன் மேற்பார்வையில் வேலை செய்வதற்கான பதிவு) விண்ணப்பிக்காவிட்டால், பதிவு எண் வரும்வரை செய்த வேலை கணக்கில் சேராது. கைரேகைச் சோதனையும் வேலை தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். வாராந்திரப் பதிவேட்டில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வேலை மாறிப் போன மேற்பார்வையாளரைத் துரத்துவது பெரும் தலைவலி.

விளம்பரத்தில் வரும் "எல்லா மாநிலத்துக்கும் செல்லும்" என்ற வரியை நம்ப வேண்டாம். உரிமம் தருவது மாநில வாரியம், கல்லூரி அல்ல.